பஞ்சாலை பேரில்

நாலாம் டிவிஷன், ரந்தாவ்
9 மார்ச் 2025

அன்புள்ள ரதிக்கு அண்ணி எழுதுவது. நானும் திலகாவும் இங்கே சுகம். நீ அங்கே குளிருக்குப் போர்த்திக்கொண்டு, வேளாவேளைக்குப் பசியாறிக்கொண்டு சுகமாக இருக்க ஆத்தா துணை.

தபாலைப் பார்த்ததும் யார் செத்தார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. வீட்டில் போன் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். உன் அண்ணன் மகள் எந்நேரமும் அதிலேயே கண்ணை நட்டுக்கொண்டிருந்தாள். ஆண்டுக் கடைசியில் எஸ்.பி.எம். சோதனை. போனைப் பிடுங்கினேன். "எனக்கு மட்டும் பூட்டுனா எப்படி, ஒங்க போனையும் பூட்டுங்க லா" என்றாள். இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் கழுத்தில், தாலி இருந்த இடத்தில் தொங்குகிறது. சோதனை முடியும்வரை இந்த வீட்டில் மணி அடிக்காது. பேச வேண்டுமென்றால் நீயும் எழுது. தமிழ்ப்பள்ளியில் கட்டுரைப் போட்டியில் கோப்பை வாங்கியவள்தானே நீ.

பக்கத்து வீட்டுப் பஞ்சாலைக்கு உடம்பு சரியில்லை. இருமல், மூச்சிரைப்பு, குரலும் கம்மிப்போய்விட்டது. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் சிறிய செல் வகைப் புற்றுநோயாம். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. நீ அங்கே பார்க்கிற வேலையும் அதுதானே? கோயிலில் உன் வேலையைப் பற்றிக் கேட்டால் நான் 'ஏதோ நுரையீரல்' என்று சொல்லிச் சமாளிக்கிறேன். கொஞ்சம் விவரமாக எழுது.

வேலைக்குப் பேர் இல்லாதவர்கள் மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும், உனக்குத் தெரியும். அதனால் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பஞ்சாலை பேர் கூப்பிடும்போது நான் கையைத் தூக்குகிறேன். என் வரிசையை முடித்துவிட்டு அவள் வரிசையிலும் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிறேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சன்னாசி கண்டும் காணாமல் இருக்கிறார். நம் தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரிக்கும் காலம்காலமாகச் செய்வதுதானே.

உன் அண்ணி

*

கிளாஸ்கோ
24 மார்ச் 2025

அன்பு அண்ணிக்கு,

ரதியின் வணக்கம். நான் சுகம். நீங்களும் திலகாவும் சுகமாக இருப்பதில் பாதி உயிர் வந்தது. உறையைப் பிரிக்கும்வரை அந்தப் பாதியும் இல்லை. இப்படியா பயமுறுத்துவீர்கள்? உலகமே போனில் கிடக்கிறது, நீங்கள் முப்பது வருடம் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு பேனா பிடிக்கிறீர்கள். ஆனால் உங்கள் கையெழுத்தைப் பார்க்க நன்றாக இருக்கிறது. இன்னும் அந்த 'ழ'வுக்கு வால் நீளம்தான்.

பஞ்சாலை அக்காவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. நான் பார்க்கும் வேலை அதேதான். எளிதாகச் சொல்கிறேன். நம் உடம்பில் ஹார்மோன் என்பது ஓர் உத்தரவு. அதில் சின்னப் புரதத் துண்டாக இருப்பதைப் பெப்டைட் ஹார்மோன் என்போம். ஓர் இடத்தில் சுரந்து, ரத்தத்தில் போய், வேறோர் இடத்துச் செல்லின் மேல் இருக்கும் பூட்டில் உட்காரும். அந்தப் பூட்டுக்கு 'ஏற்பி' என்று பேர். உட்கார்ந்தால் செல் சொன்னதைச் செய்யும். இந்தச் சிறிய செல் புற்றுநோய் என்ன செய்கிறதென்றால், சாவியையும் தானே செய்கிறது, பூட்டையும் தானே வைத்துக்கொள்கிறது. 'வளர்' என்று தனக்குத் தானே உத்தரவு போட்டு, தானே கீழ்ப்படிகிறது. வெளியிலிருந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பூட்டில் வேறொன்றைத் திணித்து அடைப்பதுதான் என் ஆராய்ச்சி.

அக்காவுக்கு எதுவரை பரவியிருக்கிறது? இது பெரும்பாலும் புகையால் வருவது. வீட்டில் யாராவது புகைத்தார்களா?

என் விசாவை நீட்டிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டேன். முடிவு வர இந்த வருடம் முழுக்க ஆகலாம் என்கிறார்கள். நடுவில் திருப்பிக் கேட்டால் விண்ணப்பம் ரத்து, நான்கு வருட வேலையும் பாதியில் நிற்கும். அதுவரை இந்த நாட்டுக்குள் கட்டிப்போட்ட மாடு நான்.

ரதி

*

நாலாம் டிவிஷன், ரந்தாவ்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள ரதிக்கு,

நீ சுகமென்று படித்து மனம் குளிர்ந்தது. இங்கே எல்லாரும் நலம். திலகா கணக்கில் எண்பத்தொன்று வாங்கினாள்.

நீ எழுதியதைப் பஞ்சாலைக்குப் படித்துக் காட்டினேன். தனக்குத் தானே ஓவர்டைம் எழுதிக்கொள்கிற மண்டோர் மாதிரி என்று அவளுக்குச் சொன்னேன். சிரித்துவிட்டு அரை மணி நேரம் இருமினாள்.

வீட்டில் புகைத்தது புருஷன்தான். இருபது வருடம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. இவள் ஒரு நாளும் தொட்டதில்லை. சமைத்த சாப்பாட்டிலெல்லாம் அந்த வாடை இருக்கும். செத்தவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஈரலுக்குப் போய்விட்டதாம். மருந்து ஏற்ற ஆரம்பித்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மூன்று நாள். டாக்டரம்மா நல்ல பெண், ஆனால் மலாயில் 'இன்ஷா அல்லா, தெங்கோக் டூலு' என்று முடித்துவிடுகிறாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று எத்தனை நாள் பார்ப்பது? பஞ்சாலை கேட்கிறாள், எவ்வளவு காலம்? உன் லேபில் கூட இருப்பவரிடம் எப்படிச் சொல்வாயோ அப்படிச் சொல். நடுவில் சர்க்கரை கலக்காதே.

இன்னொன்று. அவள் மகன் வசந்தன் சிங்கப்பூரில் இருக்கிறான் அல்லவா, அவனுக்குச் சொல்லவில்லை. வேலையை விட்டு ஓடி வந்துவிடுவான், அதோடு அவன் வாழ்க்கை போச்சு என்கிறாள். சொல்ல வேண்டுமா வேண்டாமா? நீ என்ன நினைக்கிறாய்?

அண்ணி

*

கிளாஸ்கோ
3 மே 2025

அன்பு அண்ணிக்கு,

நலம், நலமே விழைகிறேன். திலகாவின் எண்பத்தொன்றுக்கு என் பங்காக ஒரு தட்டு முதுகில், தடவிக் கொடுப்பதுபோல.

நீங்கள் கேட்டபடியே எழுதுகிறேன். ஈரலுக்குப் போய்விட்டால் இது குணமாகிற நோய் இல்லை. முதல் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். கட்டி பாதியாகச் சுருங்கும், மூச்சு லேசாகும், எல்லாரும் ஏமாந்துபோவோம். பிறகு திரும்ப வரும். பெரும்பாலும் ஆறேழு மாதத்துக்குள். திரும்ப வந்தால் எந்த மருந்தும் அதிகம் கேட்காது. ஆரம்பத்திலிருந்து கணக்குப் போட்டால் பத்து மாதம், ஒரு வருடம். சிலருக்குக் கூட, பலருக்குக் குறைவு. அக்கா தீபாவளியைப் பார்ப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த தைப்பூசம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் பார்க்க வேண்டியவர்கள் இப்போதே வர வேண்டும். உடம்பில் தெம்பு இருக்கும்போது வந்து உட்கார்ந்து பேச வேண்டும். வாய் பேச முடியாத நிலையில் வந்து கட்டிலைப் பிடித்து அழுவதால் யாருக்கு லாபம்? வசந்தனுக்கு உடனே சொல்லுங்கள். மறைப்பது பாசம் இல்லை அண்ணி, அது திருட்டு. அவனுக்குச் சேர வேண்டிய நாட்களைத் திருடுவது. எனக்கு யாராவது அப்படிச் செய்தால் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

கடுமையாக எழுதிவிட்டேனா? நீங்கள்தானே சர்க்கரை வேண்டாம் என்றீர்கள். அக்காவிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்லிவிடுவீர்கள் என்று தெரியும். அம்மா போனபோது எனக்குச் சொன்னவரும் நீங்கள்தான். அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, என்னை மடியில் உட்காரவைத்துச் சொன்னீர்கள். எனக்கு அப்போது பதினொரு வயது.

ரதி

*

நாலாம் டிவிஷன், ரந்தாவ்
15 ஜூன் 2025

அன்புள்ள ரதிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. வேலை அதிகம். நாங்கள் சுகம். உனக்கு அங்கே வெயில் காலம் வந்துவிட்டதா?

உன் கடிதத்தைப் பஞ்சாலைக்குப் படித்தேன். ஒருமுறை முழுதாக. பிறகு தைப்பூசம் என்று எழுதியிருந்த வரியை மட்டும் இன்னொரு முறை. அவள் எழுந்து போய் வாசலில் காய்ந்த துணியை மடித்தாள். எல்லாத் துணியையும் மடித்து முடித்தாள். அப்புறம் "நல்ல புள்ள. பொய் சொல்லல" என்றாள். உனக்கு அவள் நன்றியைச் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

நீ சொன்னதுபோலவே கட்டி சுருங்கியிருக்கிறதாம். முடி மட்டும் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மாரியம்மன் திருவிழா வந்தது நல்லதாய்ப் போயிற்று. வேண்டுதல் என்று சொல்லி மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வந்துவிட்டாள். லயத்து வீடுகளில் ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. "என்ன வேண்டுதல்?" என்று கேட்டவர்களிடம் "பிள்ளை பாஸ் பண்ணணும்" என்றாள். பொய்யும் இல்லை.

வசந்தனுக்குச் சொல்லவில்லை. நீ திட்டுவாய். அவன் கிளம்பி வந்தால் திரும்பிப் போக முடியாத நிலைமை. பஞ்சாலை சொல்கிறாள், இத்தனை வருடம் புல்லிலும் களைமருந்து நாற்றத்திலும் நின்று அவனை அந்தப் பக்கம் தள்ளிவிட்டதே இந்தப் பக்கம் வராமல் இருக்கத்தான் என்று.

நீ செய்கிற அந்த அடைப்பு மருந்து எப்போது தயாராகும்? பஞ்சாலை கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

அண்ணி

*

கிளாஸ்கோ
28 ஜூன் 2025

அன்பு அண்ணிக்கு,

சுகமாக இருக்கிறேன். வெயில் என்று இவர்கள் சொல்வது நம் ஊரில் விடிகாலை ஆறு மணி.

அடைப்பு மருந்து தயாராகாது அண்ணி. எனக்கே வாய் கூசுகிறது. அது மருந்தே இல்லை இன்னும். ஒரு கண்ணாடித் தட்டில், செல்களின் மேல் ஊற்றிப் பார்க்கிற ஒரு துளி. தட்டில் அற்புதமாக வேலை செய்கிறது. பூட்டை அடைத்த மூன்றாம் நாளிலிருந்து செல்கள் பெருகுவது நின்றுவிட்டது. எங்கள் பேராசிரியர் கைகுலுக்கினார். ஆனால் தட்டிலிருந்து மனிதருக்குப் போக பதினைந்து வருடம், இருபது வருடம். வழியில் பெரும்பாலானவை செத்துவிடும். நான் யாருக்காக இதைச் செய்கிறேனோ அவர்கள் இன்னும் நோயாளி ஆகவே இல்லை.

என் தட்டில் இருக்கும் செல்கள் யாருடையவை தெரியுமா? நான் பிறப்பதற்கு முன்னால் எங்கோ செத்துப்போன ஒருவருடையவை. பேர் கிடையாது, ஓர் எண்தான். ஆள் போய்விட்டார், நோய் மட்டும் எங்கள் பெட்டியில் தின்று தின்று வளர்கிறது. முன்பெல்லாம் அதை நினைக்க மாட்டேன். இப்போது பஞ்சாலை அக்காவின் முகம் வருகிறது.

வசந்தன் விஷயத்தில் எனக்குக் கோபம்தான். நீங்களே அவனுக்குச் சொல்லிவிடுங்கள், அக்காவைக் கேட்காமல். பெற்றவள் முடிவு செய்துவிட்டாள் என்பதற்காக அவன் குருடனாக இருக்க வேண்டுமா?

ரதி

*

நாலாம் டிவிஷன், ரந்தாவ்
10 ஆகஸ்ட் 2025

ரதிக்கு,

நலம். நீ நலமாக இரு.

வசந்தன் பற்றி இனி எழுதாதே. தூரத்தில் இருப்பவர்களுக்கு ஆயிரம் நியாயம் பேச வரும். மன்னிக்க மாட்டாயென்றால் மன்னிக்காமலே இரு. நீ மன்னித்து இங்கே யாருக்கும் சோறு வேகவில்லை.

பஞ்சாலைக்குப் போன மாதம் புத்தி தடுமாறிவிட்டது. காலையில் பெரட்டுக்கு வந்து நின்று, "என் பால் வெட்டுற கத்தி எங்கே, மரமெல்லாம் காயுது" என்று சன்னாசியைக் கேட்டாள். ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை வைத்து இருபது வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் உடம்பில் உப்பு இறங்கிவிட்டது என்றார்கள். தண்ணீர் குடிக்கக் கூடாதாம். நாளைக்கு ஒன்றரைப் பாட்டில், அவ்வளவுதான். காப்பி, கஞ்சி எல்லாம் அதற்குள். இந்த வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே. பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். மத்தியானத்துக்குள் கோடு தாண்டிவிட்டால் அப்புறம் குழாய்ச் சத்தம் கேட்டாலே அழுகை வருகிறது.

பெரட்டில் விரல் மெஷின் வைத்துவிட்டார்கள். இனி யாரும் யார் பேரிலும் கை தூக்க முடியாது. காலை ஆறு மணிக்குத் தானே வந்து விரலை வைத்துவிட்டுப் போகிறாள். சன்னாசி மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்து ஏற்றிப் போகிறார். மெஷினுக்கு விரல் போதும், முகம் வேண்டாம்.

அண்ணி

*

கிளாஸ்கோ
25 ஆகஸ்ட் 2025

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கோபம் உறையைப் பிரிக்கும் முன்பே சுட்டது. நான் பேசியது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இரண்டு ஆள் வேலை பார்க்கிறீர்கள், 'நலம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள்.

அக்காவின் உப்புக்குக் காரணமும் ஒரு பெப்டைட் ஹார்மோன்தான். தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிற ஹார்மோன். மூளை செய்ய வேண்டியதை இந்தக் கட்டியே செய்து கொட்டுகிறது. தண்ணீர் தேங்கி, உப்பு நீர்த்துப்போய், புத்தி குழம்பும். மறுபடி தடுமாறினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கொண்டு போங்கள். அடங்கியிருந்தது திரும்ப எழுந்துவிட்டது என்பதற்கும் அது அடையாளமாக இருக்கலாம்.

என் தட்டிலும் திரும்பிவிட்டது. ஒன்பது வாரம் அசையாமல் கிடந்தவை போன திங்கட்கிழமை மறுபடி பெருக ஆரம்பித்திருந்தன. நான் அடைத்த பூட்டை விட்டுவிட்டு வேறு பூட்டைப் புதிதாக வைத்துக்கொண்டன. பேராசிரியர் சுவாரசியமான முடிவு என்றார். நான் கழிவறைக்குப் போய் அழுதேன். விசாவிலும் பதில் இல்லை. வெளியே போகவும் முடியாது, உள்ளே இருந்தும் ஒன்றும் ஆகவில்லை.

அண்ணி, ஒரே ஒரு நாள் அந்த அலமாரியைத் திறங்கள். ஆறு மாதம் ஆகிறது உங்கள் குரலைக் கேட்டு. இரண்டு நிமிடம் போதும். திட்டவாவது செய்யுங்கள்.

ரதி

*

நாலாம் டிவிஷன்
செப்டம்பர் 14

அன்புள்ள ரதிக்கு அண்ணி எழுதுவது. நீ சுகமா. நான் சுகம். திலகா சுகம். நீ சுகமா.

போன் பண்ண முடியாது. சாவி இருக்கிறது. குரல்தான் இல்லை. காற்றுதான் வருகிறது, சத்தம் வரவில்லை, கோழிக்குக்கூடக் கேட்காது.

பஞ்சாலை இன்றைக்கு எனக்கு மூன்று கோணி பொறுக்கினாள். பாவம், அவளுக்கு இடுப்பு வலி. பாட்டிலில் என் கோட்டைத் திலகா அழித்து மேலே போட்டிருக்கிறாள், நான் கண்டுபிடித்துவிட்டேன், அவளும் தண்ணீர் குடிக்காமல் எனக்கு மிச்சம் வைக்கிறாள். குடிக்கச் சொல். ஐஸ் வாயில் வைத்தால் கணக்கில் வராது என்று நினைத்தேன். வருமாம்.

ரதி, பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வா. மழை வரும்போல இருக்கிறது. உன் அண்ணன் வந்தால் வெளியே போய்ப் புகைக்கச் சொல். எனக்கு மூச்சு முட்டுகிறது. சொன்னால் உன் பேச்சைத்தான் கேட்பார்.

நீ சுகமா.

*

கிளாஸ்கோ
27 செப்டம்பர் 2025

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நான் லேபுக்குப் போகவில்லை. மார்ச்சிலிருந்து நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் படுக்கையில் தேதி வாரியாகப் பரப்பி வைத்துப் படித்தேன். தட்டில் ஒரு புள்ளி மாறினால் மூன்று முறை சரிபார்ப்பவள் நான். உங்கள் கடிதத்தை ஒருமுறைகூட அப்படிப் படிக்கவில்லை.

பஞ்சாலை அக்காவின் புருஷன் வீரமுத்து மாமா வெற்றிலைதான் போடுவார். பஞ்சாலை அக்கா வீட்டில் ஒரு நாளும் யாரும் பீடி பற்றவைத்ததில்லை. அந்த லயத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு புகைத்தவர் ஒருவர்தான், என் அண்ணன். எட்டு வயதில் கடைக்கு ஓடிப்போய் அவருக்குச் சிகரெட் பெட்டி வாங்கி வந்தவள் நான். வசந்தன் மாதம் ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவன், வந்தால் திரும்ப முடியாதவன் அவன் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியவில்லை.

நேற்றே உங்களை அழைத்திருப்பேன். நீங்கள் எடுத்தாலும் பேச முடியாது என்று இப்போது தெரிகிறது. அதற்காகத்தானே அந்த அலமாரி, அந்தப் பூட்டு எல்லாம். அதனால் எழுதுகிறேன். நீங்கள் போட்ட பேரை நான் அழிக்கவில்லை. பஞ்சாலை அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்.

முதலில், இதைப் படிக்கும்போது அக்கா வீட்டில் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். உப்பு இறங்கியிருக்கிறது. சன்னாசி மாமாவின் பேரப்பிள்ளையின் நம்பரைத் தேடிப் பிடித்து நேற்றே சொல்லிவிட்டேன், மாமா காரோடு வந்திருப்பார்.

அடுத்து, மே மாதம் நான் எழுதிய கடிதம். அதை எழுதும்போது மேசையில் காப்பியும் பிஸ்கட்டும் இருந்தன. எழுதி முடித்துவிட்டு நன்றாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன். தைப்பூச வரியை யார் யாருக்குப் படித்துக் காட்டினார்கள் என்பது இப்போது புரிகிறது. அந்த அறையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதற்கு நான் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

சாகும்வரை மன்னிக்க மாட்டேன் என்றும் எழுதினேன். அதைத் திரும்பப் பெற மாட்டேன். நேரில் வந்து சண்டை போடுவேன். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டேன். விண்ணப்பம் ரத்து. கையில் வர மூன்று நான்கு வாரம் ஆகும் என்கிறார்கள், அதற்கு முன்னால் எந்த வழியும் இல்லை, கெஞ்சிப் பார்த்துவிட்டேன். நவம்பர் முதல் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். செல்களை உறைய வைத்துவிட்டேன். அவை காத்திருக்கும், எத்தனை வருடமானாலும். அக்காவைத்தான் காத்திருக்கச் சொல்ல வேண்டும்.

அக்காவிடம் சொல்லுங்கள், எனக்காக ஒன்றும் சமைக்க வேண்டாம்.

ரதி

*

நாலாம் டிவிஷன், ரந்தாவ்
12 அக்டோபர் 2025

அன்புள்ள ரதிக்கு,

பஞ்சாலை சுகம். இடுப்பு வலி மட்டும் இருக்கிறது. நோய் எனக்கு.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் உப்பு ஏற்றினார்கள். இப்போது புத்தி தெளிவாக இருக்கிறது. ஈரலில் பெருகிவிட்டதாம், தலைக்கும் போயிருக்கிறதாம். மருந்து போதும் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பரில் நான் என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை. திலகாவிடம் கேட்டேன், "அந்த லெட்டர நீ படிச்சியா?" படித்தேன் என்றாள். "அப்புறம் ஏண்டி தபால்ல போட்ட?" "நீங்கதான் போடச் சொன்னீங்க, போட்டேன்" என்றாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. உன் அண்ணன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. மார்ச்சிலிருந்து அவளுக்கு எல்லாம் தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாதென்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தேன். சத்தியத்தை மீறாமலே காரியத்தை முடித்துவிட்டாள்.

பஞ்சாலையிடம் கேட்டுத்தான் அவள் பேரைப் போட்டேன். மார்ச்சிலிருந்து என் பேருக்குக் கை தூக்கியவள் அவள். மெஷின் வந்த பிறகு நான் விரலை வைக்கிறேன், வரிசையை இன்னும் அவள்தான் பொறுக்குகிறாள். "எழுதிக்க புள்ள, பேருதானே, தேஞ்சா போயிடும்" என்றாள். என் பேரில் கேட்டிருந்தால் நீ எனக்குப் பொய் எழுதியிருப்பாய். நல்லாயிடும் அண்ணி, புது மருந்து வருது அண்ணி என்று எழுதியிருப்பாய். எனக்கு உண்மை வேண்டியிருந்தது. அந்த மே மாதக் கடிதத்தைப் படித்த பிறகுதான் எதை எப்போது செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. திலகாவுக்கு ஹாஸ்டலில் இடம் கேட்டு எழுதினேன், கிடைத்துவிட்டது. இனி இந்த வீடு போனால் போகட்டும். அதனால் காப்பி பிஸ்கட் என்று உளறாதே. யாருமே எனக்கு அவ்வளவு மரியாதையாக எழுதியதில்லை.

ஆனால் நீ எழுதியதில் ஒன்று சரிதான். உன் நாட்களை நான் எடுத்துக்கொண்டேன். நீ வந்திருந்தால் ஏப்ரலில் வந்திருப்பாய், நான் நடந்துகொண்டிருந்தேன், பேசிக்கொண்டிருந்தேன். எத்தனையோ நாள் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் ரதி. உன்னை இங்கே கூப்பிட்டால் நீயும் இந்த லயத்திலேயே நின்றுவிடுவாய் என்று பயம். கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் பஞ்சாலை பஞ்சாலை என்று எழுதிக்கொண்டே இருந்தேன்.

சிகரெட் வாங்கி வந்த கதையை இனி யாரிடமும் சொல்லாதே. கடைக்குக் காசு கொடுத்து அனுப்பியது நான்.

திலகாவுக்கு நவம்பர் மூன்றாம் தேதி முதல் பேப்பர். அவள் எதிரில் அழாதே. என் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்தாலும் சிரி.

நீ வரும்போது வழக்கம்போல வாசலில் நின்று 'அண்ணி' என்று கூப்பிடுவாய். நான் பதில் சொல்வேன், உனக்குக் கேட்காது. கேட்கவில்லையே என்று அங்கேயே நின்றுவிடாதே. செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம். நேரே உள்ளே வா.

உன் அண்ணி,
புஷ்பவள்ளி